சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்!

கசினோ ஹோட்டல்களில் அறை எடுப்போர் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே, கோப்பாயைக் கடந்ததும் வாழைத் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியூட்டும் ஊர் நீர்வேலி. சங்கர பண்டிதரைப் போன்ற இலக்கண வித்தகரைத் தந்த இவ்வூருக்கும், அமெரிக்க நாட்டு லாஸ் வேகஸ் நகரத்துச் சூதாட்ட மாளிகைகளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தொடர்பு இல்லாமல் இல்லை. மகனோ மகளோ, பேரனோ பேத்தியோ கடல் கடந்து வாழாத வீடு இன்று இங்கே அரிது. ரொறன்ரோவுக்கு மகளைப் பார்க்கச் சென்ற தாய் தந்தையர் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணாது திரும்புவதில்லை. அந்நீர்வீழ்ச்சியின் அருகே தங்குவதாயின், கசினோவுடன் இணைந்த ஹோட்டலோ அதனை அண்டிய ஹோட்டலோதான் பெரும்பாலும் கண்ணிற் படும். சிங்கப்பூரில் இறங்கினாலும் அவ்வாறே. கொழும்பிலும் இப்போது அத்தகைய மாளிகை எழுந்துவிட்டது. ஆகவே, சீட்டையும் சூதையும் கையாலும் தொடாத குடும்பத்தவரும், கசினோ ஹோட்டலின் வாடகைச் சிட்டையைக் கையில் வாங்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

அச்சிட்டையைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர். சொன்ன விலை ஒன்று, செலுத்திய விலை வேறொன்று. இத்திகைப்பு நமது தோட்டக்காரருக்குப் புதிதன்று. நூறு கிலோ வாழைக்குலையைச் சந்தைக்குக் கொண்டு சென்றவருக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மட்டுமே பணம் எண்ணிக் கொடுத்து, மீதிப் பத்தும் "கழிவு" என்று சொல்லப்படும் வழக்கத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து விவசாயிகள் நெடுங்காலம் முறையிட்டு வந்தது யாவரும் அறிந்ததே. பேசிய விலையில் மாற்றம் இல்லை. கைக்கு வந்த பணத்திலோ குறைவு உண்டு. கசினோ ஹோட்டலின் வித்தையும் இதற்குத் தூரத்து உறவுதான். சந்தையிற் கழிப்பார்கள், ஹோட்டலிற் கூட்டுவார்கள்.

வழிப்போக்கரிடம் காசு வாங்காது திண்ணையும் தண்ணீரும் கொடுத்தது நம் முன்னோர் மரபு. வீதியோரம் மடங்களும், சுமையிறக்கச் சுமைதாங்கிகளும், மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கற்களும் நாட்டினார்கள். பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்றும் அதற்குச் சான்றாய் நிற்கிறது. அந்த மரபில் வந்தவர்க்கு, அறைக்கு வாடகை கொடுத்த பின்னரும் "இளைப்பாறு நிலையக் கட்டணம்" என்று இன்னொன்று கேட்கப்படுவது விளங்காமற் போவதில் வியப்பில்லை. விளங்காதவற்றை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாஸ் வேகஸில் பிறந்த வழக்கம்

ஒரு காலத்தில் லாஸ் வேகஸ் ஹோட்டல்கள் அறையை மலிவாகவும், உணவை அதனினும் மலிவாகவும் கொடுத்தன. வந்தவர் சூதாட்ட மேசையில் இழக்கப்போகும் பணமே அவர்களின் வருமானம். தூண்டிற்காரன் புழுவுக்கு விலை கேட்பதில்லை அல்லவா? ஆனால் 1990களின் இறுதியளவில், அந்நகரின் பெருவீதியிலுள்ள ஹோட்டல்களுக்கு ஆட்டத்தால் வரும் வருமானத்திலும், அறை, உணவு, கேளிக்கை என்பவற்றால் வரும் வருமானம் மிகுந்துவிட்டது. அதன் பின்னர் அறையும் உழைக்க வேண்டியதாயிற்று.

இங்குதான் "ரிசோட் கட்டணம்" தலைகாட்டியது. நீச்சற் குளம், உடற்பயிற்சிக் கூடம், இணையத் தொடர்பு, உள்ளூர்த் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றுக்கெனக் கூறி, வாடகைக்கு மேலாக நாளொன்றுக்கு ஒரு தொகை கட்டாயமாக அறவிடப்பட்டது. குளத்தில் இறங்காதவரும் கொடுக்க வேண்டும். தொலைபேசியைத் தொடாதவரும் கொடுக்க வேண்டும். சீசர்ஸ் என்னும் பெரு நிறுவனம், "எம்மிடம் இக்கட்டணம் இல்லை" என்று விளம்பரஞ் செய்து வந்தது. 2013ஆம் ஆண்டில் அதுவும் அறவிடத் தொடங்கியது. 2016இல் எம்.ஜி.எம். நிறுவனம், அதுவரை இலவசமாயிருந்த வாகனத் தரிப்பிடத்துக்கும் பணம் கேட்கத் தொடங்க, ஏனைய ஹோட்டல்களும் பின்தொடர்ந்தன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வார நடுவில் அறை வாடகை 50 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ரிசோட் கட்டணம் இன்று பல ஹோட்டல்களில் 50 டொலர் அளவில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 100. அதன்மேல் உள்ளூர்த் தங்குமிட வரி நூற்றுக்கு 13 வீதத்துக்கு மேல். ஆக, 50 டொலர் என்று நம்பிச் சென்றவர் 113 டொலருக்கு மேற் செலுத்துகிறார். கார் நிறுத்தினால் அதற்கு வேறு. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்று நமது முன்னோர் சொன்னது இதற்கன்றி வேறெதற்கு?

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். சொல்லாததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, இக்காலத்தில் அறை தேடுவோர் இணையத்தளத்தில் விலைகளை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்க்கிறார்கள்; அடிவிலை குறைந்த ஹோட்டலே முதலிற் கண்ணிற் படும். இரண்டாவது, அறையை விற்றுக் கொடுக்கும் முகவருக்குத் தரகு பெரும்பாலும் வாடகையின்மேலேயே கணக்கிடப்படும். தனியாக நிற்கும் கட்டணத்தின்மேல் அன்று. தரகும் மிச்சம், விலையும் மலிவுபோலத் தோற்றம்!

நயாகராவின் கட்டணம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நயாகரா நீர்வீழ்ச்சி நகரில், 1996இல் கசினோ நயாகராவும் 2004இல் ஃபோல்ஸ்வியூ கசினோவும் திறக்கப்பட்டன. அங்கே ஹோட்டற் சிட்டையில் மட்டுமன்றி, சில உணவகங்களின் சிட்டையிலும் ஒரு வரி காணப்படும். "சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம்" என்றோ, "தல விளம்பரக் கட்டணம்" என்றோ அதற்குப் பெயர் இட்டிருப்பார்கள். பெயரைப் பார்த்தவர் அரசாங்க வரி என்றே எண்ணுவார். அது வரியன்று, வணிகர் தாமே விதித்துத் தாமே எடுத்துக்கொள்வது. அரசாங்கத்துக்குச் செல்வது 13 வீத விற்பனை வரியும், நகரசபை அறவிடும் தங்குமிட வரியுமே.

இந்த வேறுபாட்டை அறிந்து வைத்திருப்பது பயனுள்ளது. வரியைக் குறைக்க ஹோட்டற்காரருக்கு அதிகாரமில்லை. ஆனால் தாம் விதித்த கட்டணத்தை நீக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பணிவாகவும் உறுதியாகவும் கேட்டவர்களுக்குச் சில இடங்களில் நீக்கிக் கொடுத்ததும் உண்டு. "இது வரியா, கட்டணமா?" என்று வரவேற்பு மேசையில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிங்கப்பூரும் மலேசியாவும்

மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனுடன் திரும்பியவர்களால் யாழ்ப்பாணத்துக்குச் சிங்கப்பூர் பழகிய பெயர். அங்கு 2010ஆம் ஆண்டில் செந்தோசாவிலும் மரீனா விரிகுடாவிலும் கசினோவுடன் கூடிய இரு மாளிகைகள் திறக்கப்பட்டன. அந்நாட்டில் கடைகள் வரியையும் சேர்த்தே விலை காட்ட வேண்டுமென்பது சட்டம். ஆயினும், சேவைக் கட்டணம் அறவிடும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் இதில் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அதனால் விலையின் அருகே இரண்டு கூட்டற் குறிகள் நிற்கும். முதற் குறி 10 வீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது குறி பொருள் சேவை வரி. அவ்வரி 2024 சனவரி முதல் 9 வீதம். 200 வெள்ளி அறைக்குச் சேவைக் கட்டணம் சேர 220. அதன்மேல் வரி சேர 239 வெள்ளி 80 சதம். அந்தச் சிறு குறிகள் இரண்டின் விலை ஏறக்குறைய 40 வெள்ளி என்பதை மறவாதீர்கள்.

மலேசியாவில், 1971இல் முதல் ஹோட்டல் திறக்கப்பட்ட கெந்திங் மலைக்குச் செல்வோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017 செப்டெம்பர் முதல், வெளிநாட்டவர் தங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முற்பதிவின்போது முழுப் பணமும் கட்டியவரிடமும் ஹோட்டலுக்கு வந்த பின்னர் இது கேட்கப்படலாம். இது உண்மையான அரசாங்க வரி, ஏமாற்று அன்று.

சிங்கப்பூரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்நாட்டுப் பிரசைகளும் நிரந்தர வதிவாளரும் கசினோவினுள் ஒரு நாள் நுழைய 150 வெள்ளி செலுத்த வேண்டும். 2019 வரை அது 100 வெள்ளியாயிருந்தது. வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம். எனவே, அங்கே வேலை பார்க்கும் நிரந்தர வதிவாளனான மகனுக்கு 150 வெள்ளி. நீர்வேலியிலிருந்து சென்ற தந்தைக்கு ஒன்றுமில்லை! தன் குடிகளைச் சூதிலிருந்து தடுக்க விரும்பும் அரசு, வந்தவர் பணத்தை மட்டும் மகிழ்ந்து வரவேற்கிறது.

நமது நாட்டில்

இலங்கையில் கசினோ தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010இல் நிறைவேறியது. கொழும்பில் 2024 ஒக்டோபரில் சினமன் லைவ் ஹோட்டல் திறக்கப்பட்டது; அதனை உள்ளடக்கிய "சிற்றி ஒவ் ட்றீம்ஸ்" மாளிகையின் கசினோ 2025 ஓகஸ்டில் தொடங்கப்பட்டது. இங்கே சிங்கப்பூர்க் கதையின் மறுபக்கத்தைக் காணலாம். இலங்கைப் பிரசைகளுக்கு நுழைவு வரி உண்டு. 50 அமெரிக்க டொலராயிருந்த அதனை 100 டொலராக உயர்த்த 2025இல் அரசாங்கம் நடவடிக்கை எடுத்தது. இங்கு தந்தை செலுத்த வேண்டும். கனடாப் பிரசையான மகனுக்கு வேண்டியதில்லை. ஹோட்டல் அறையில் தங்குவதற்கும் உணவருந்துவதற்கும் இவ்வரி இல்லை என்பதையும், ஆட்டக் கூடத்தின் வாயிலைத் தாண்டினால் மட்டுமே உண்டு என்பதையும் வேறுபடுத்தி அறிக.

அறை வாடகையைப் பொறுத்தவரை, நம் நாட்டு ஹோட்டல்களில் வழக்கமாக 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 சனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும், வேறு சில சிறு அறவீடுகளும் கூடும். கொழும்பாயினும் யாழ்ப்பாண நகராயினும், திருமண வீட்டாருக்கென அறைகள் பதிவு செய்வோர், "இது எல்லாம் உட்பட்ட விலையா?" என்ற ஒரு கேள்வியை எழுத்திற் கேட்டு, எழுத்திற் பதில் பெறுவது நன்று. பத்து அறை எடுத்த பின்னர் வரும் வேறுபாடு, நாதஸ்வரக் கச்சேரிக்குப் போதுமான தொகையாய் இருக்கும்!

சட்டங்கள் விழித்த கதை

மக்களின் முறைப்பாடு வீண்போகவில்லை. அமெரிக்காவில் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு 2012இலேயே 22 ஹோட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2019இல் வாஷிங்டன் நகரத்தின் சட்டமா அதிபர் மரியட் நிறுவனத்தின்மீதும், நெப்ராஸ்கா மாநிலத்தவர் ஹில்டன் நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடுத்தனர். ஈற்றில், 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, தங்குமிடத்துக்கு விளம்பரஞ் செய்யப்படும் விலையிலேயே கட்டாயக் கட்டணங்கள் யாவும் அடங்கியிருக்க வேண்டும். கட்டணத்தை அது தடை செய்யவில்லை. மறைப்பதையே தடை செய்தது. அரசாங்க வரியை மட்டும் பின்னர் காட்டலாம்.

கனடா 2022இல் தன் போட்டிச் சட்டத்தைத் திருத்தி, துளித்துளியாக விலையைக் கூட்டும் முறையைக் குற்றமான செயல்களின் வரிசையில் வெளிப்படையாகச் சேர்த்தது. இணையத்திற் படச்சீட்டு வாங்குவோரிடம் ஒன்றரை டொலர் வரை மேலதிகமாக அறவிட்ட சினிப்ளெக்ஸ் நிறுவனத்துக்கு, 2024 செப்டெம்பரில் அந்நாட்டுப் போட்டி நியாயசபை 3 கோடியே 89 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. பிரித்தானியாவில் இத்தகைய தடை 2025 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில், ஹோட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சிட்டையிற் சேர்க்கலாகாது என்று 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை வழிகாட்டியது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பலாலியிலிருந்து சென்னைக்குச் சென்று தலயாத்திரை செய்வோர் இதை நினைவிற் கொள்ளலாம். நம் நாட்டில் முறையிட விரும்புவோருக்கு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது.

பதிவு விதிகளிலுள்ள முடிச்சுக்கள்

கட்டணத்தைக் காட்டிலும் இரகசியமாய் வருத்துவன பதிவு விதிகள். அவற்றுள் முக்கியமான சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, இரத்துச் செய்யும் கெடு. 48 அல்லது 72 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தால் பணம் திரும்பும் என்றிருந்தால், அது ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படியே கணிக்கப்படும். ரொறன்ரோ நேரம் நமது நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும், மாரியில் பத்தரை மணித்தியாலமும் பிந்தியது. "திருப்பிக் கொடுக்கப்படாது" என்று குறித்த மலிவு அறையை, விசா கைக்கு வருமுன் எடுக்கவே கூடாது. விசா மறுக்கப்பட்டாற் பிரயாணமும் போய்ப் பணமும் போய்விடும்.

இரண்டாவது, பிணைப் பணம். அறைச் சாவியைக் கொடுக்கு முன், இரவொன்றுக்கு 50 டொலர், 100 டொலர் என்ற கணக்கில் ஒரு தொகையை உங்கள் அட்டையில் ஹோட்டல் தடுத்து வைக்கும். அது செலவன்று, ஆனால் நீங்கள் வெளியேறிய பின்னரும் அது விடுபடச் சில நாட்கள் செல்லும். கடனட்டையாயின் கடன் எல்லை மட்டும் குறையும். வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் எடுக்கும் அட்டையாயின், கையிருப்பே முடங்கும். பிரயாணச் செலவுக்கு வைத்த பணம் இவ்வாறு முடங்கினால், வேற்றூரில் உணவுக்கும் தட்டுப்பாடு நேரும்.

மூன்றாவது, ஆளும் வயதும். லாஸ் வேகஸில் 21 வயது நிரம்பாதவர் பெயரில் அறை கொடுப்பது அரிது. ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் குறைந்தோர் கசினோவினுள் நுழையலாகாது. சில ஹோட்டல்களில் உணவு மண்டபத்துக்குச் செல்லும் வழி ஆட்டக் கூடத்தின் ஓரமாகவே செல்லும். பிள்ளைகள் நடந்து செல்லலாம், நிற்கலாகாது. ஓர் அறையில் இருவருக்கு மேற்பட்டோர் தங்கினால் தலைக்கு மேலதிகப் பணம் கேட்கப்படுவதும் உண்டு. பாட்டனாரும் பேரனும் ஒரே அறையில் என்று எண்ணிச் செல்லும் நமது குடும்பங்கள் முன்கூட்டியே கேட்டறிக.

நான்காவது, அறையிலுள்ள சிறு குளிர்ப்பெட்டி. பல கசினோ ஹோட்டல்களில் அதில் உணர்கருவி பொருத்தியிருக்கிறார்கள். போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் சிட்டையில் ஏறிவிடலாம். சொந்த மருந்தையோ பாலையோ அதனுள் வைக்க விரும்புவோர், வரவேற்பு மேசையில் வேறொரு குளிர்ப்பெட்டி கேட்க வேண்டும்.

ஐந்தாவது, நாணயம். அட்டையில் பணம் எடுக்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்திலா, எங்கள் நாட்டுப் பணத்திலா?" என்று கேட்டால், அவர்கள் நாட்டுப் பணத்திலென்று கூறுவதே பெரும்பாலும் இலாபம். நமது ரூபாவில் மாற்றித் தருபவர் தமக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டே மாற்றுவார்.

இலவச அறையின் விலை

மேற்கூறியவை எல்லாம் பத்து, நூறு டொலர் நட்டங்கள். குடும்பத்தைக் கவிழ்க்கக் கூடியது வேறொன்று. அதுதான் இலவச அறை.

கசினோவின் அங்கத்துவ அட்டையைப் பெற்று ஆடுகிறவருக்கு, "அடுத்த மாதம் இரண்டிரவு எமது விருந்தாளியாகத் தங்குக" என்று அழைப்பு வரும். அதனைக் கொடையென்று எண்ணுவோர் பலர். அது கொடையன்று, கணக்கு. அமெரிக்க முறை உருளைச் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணில் பணம் வைத்து வென்றவருக்கு ஒன்றுக்கு முப்பத்தைந்து கொடுக்கிறார்கள். நியாயப்படி முப்பத்தேழு கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டால், வைக்கப்படும் ஒவ்வொரு நூறு டொலரிலும் 5 டொலர் 26 சதம் சராசரியாக மாளிகைக்குச் சேரும். முறைக்குப் 10 டொலராக, மணிக்கு 40 முறை, நான்கு மணித்தியாலம் ஆடியவர் 1600 டொலர் வைத்திருப்பார். அவரின் எதிர்பார்க்கப்படும் நட்டம் 84 டொலர். அவ்வட்டை இதனையே கணித்துக்கொண்டிருக்கிறது. அந்நட்டத்தில் ஒரு பங்கே அறையாய்த் திரும்பி வருகிறது. சில இடங்களில், வாடகை இலவசமாயினும் ரிசோட் கட்டணம் மட்டும் இலவசமன்று!

வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். தருமபுத்திரரும் அழைப்பின் பேரில் விருந்தாளியாகச் சென்றே நாட்டை இழந்தார். தனியே வாழும் இளைஞருக்கும், வேலை ஓய்ந்து பொழுது போகாத முதியோருக்கும், அன்பாய்ப் பெயர் சொல்லி அழைக்கும் இடம் ஒன்று கிடைத்தால் அங்கே கால் மீண்டும் மீண்டும் செல்லும். வீட்டில் ஒருவருக்கு இலவச அறை அழைப்பு அடிக்கடி வருவதாயின், அதனை அதிர்ஷ்டமென்று மகிழாது, அவர் எவ்வளவு இழந்து வருகிறார் என்று அன்புடன் விசாரிப்பதே உறவினர் கடமை. சிங்கப்பூர் போன்ற நாடுகளில், குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரைக் கசினோவுக்குள் நுழையாமல் தடுப்பிக்கும் ஏற்பாடும் உண்டு. ஒன்ராறியோவில் ஒருவர் தாமே தம்மை விலக்கிக்கொள்ளப் பதிவு செய்யலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

தாய் தந்தையரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் சிட்டையை மறைத்து விடுகிறார்கள். "இவ்வளவா?" என்று அம்மா வருந்துவார் என்பது அவர்கள் அச்சம். ஆனால் அறுபது ஆண்டு குடும்பக் கணக்கு எழுதிய தாயார், மறைவிலையைக் கண்டுபிடிப்பதில் எந்த வழக்கறிஞருக்கும் இளைத்தவரல்லர். சந்தையில் தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண் அது. அறை பதிவு செய்யு முன் அவரிடமே காட்டி, வாடகை எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு, பிணைப் பணம் எவ்வளவு, இரத்துச் செய்யக் கடைசி நாள் எது என்று ஐந்து வரியில் ஒரு தாளில் எழுதி, அடியிற் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத் தொகை உங்கள் கைக்கு அடங்கினால் மகிழ்ந்து சென்று வாருங்கள். அடங்காவிட்டால், நீர்வீழ்ச்சியைப் பகலிற் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பலாம். நீர்வீழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.